ஓட்டுப் போட மட்டும் கோயிலுக்குப் போனவன்

1.

இந்தக் கதை போன ஞாயிற்றுக்கிழமை தானாக வந்து என் மடியில் விழுந்தது. இன்னும் படபடப்பு அடங்கவில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 'கியூபெக்கின் ஆற்றங்கரை ஊர்களில் மதம் மெல்ல மெல்ல...' என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். கட்டுரை வாடை.

2.

மறுபடியும். எங்கள் மாதா கோயில் பூசைக்கு வருவது பதினான்கு பேர். கூரை ஒழுகுகிறது. சுவரேறும் பயிற்சிக்கூடம் நடத்துகிறவர்கள் விலைக்குக் கேட்கிறார்கள். பின்னறையைப் பூசைக்கு விட்டுவிடுவார்களாம். விற்காவிட்டால் பனிக்கு முன்பே ஆயர் பூட்டிவிடுவார், அந்தப் பதினான்கு பேருக்கும் போக்கிடம் இல்லை. முடிவு பங்கு மக்கள் கையில். ஞானஸ்நானம் பெற்ற உள்ளூர்க்காரர் எவரும் ஓட்டுப் போடலாம்.

வந்தது பாருங்கள் கூட்டம்! இருபது வருஷமாக எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் எங்கள் கோயிலை விற்பதா என்று கொதித்தார்கள். (நானும்தான். சாமியே இல்லை என்று வாதாடித் திரிகிறவன்.) விற்றுவிடலாம் என்றவர்கள் பக்தர்கள்! சுவரேற ஆசைப்பட்ட இளவட்டங்கள் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். இதையெல்லாம் கற்பனை செய்ய எனக்குத் திறமை போதாது.

3.

ஒடெட்டை முதல் வரைவில் சிடுமூஞ்சியாக்கியிருந்தேன். பொய். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், கோயில் நிர்வாகி, பூசைக்கு ஒரு நாள் தவறாதவள். விற்க, அவளோடு சேர்த்து, அறுபத்து மூன்று கைகள். மறுப்பவர்களை அவளே வரிசையாக எண்ணி வந்தாள். அறுபத்து மூன்று. எண்ண வேண்டியது இன்னும் என் கை மட்டும். சமமாக நின்றால் பாதிரியார் விற்றுவிடுவார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்பு, திருச்சபையிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் எழுதி இவளிடம்தான் கொடுத்தேன்.

"என் ஓட்டு செல்லாதுங்க ஒடெட். அந்தக் கடுதாசி..."

"செல்லும், லூக். அத நான் அனுப்பவே இல்ல."

"ஏன்?"

"கோவத்துல எழுதிட்டு வந்த. ஆறட்டும்னு வச்சேன். சீக்கிரம் சொல்லுப்பா, கூரைத் தண்ணி என் கழுத்துல சொட்டுது."

4.

முடிவு ஒன்று: கையை இறக்கினேன். [இதில் நான் ரொம்ப நல்லவன். நம்பாதீர்கள்.]

முடிவு இரண்டு: இறக்கவில்லை. கோயில் பிழைத்தது, பூட்டோடு, ஒடெட் வெளியே...

எழுத முடியவில்லை. என் ஓட்டு செல்லாது என்று அவளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பாள். ஒன்பது வருஷமாக என்னை உள்ளே வைத்திருந்தவள் அவள். சாமி இல்லை என்று இப்போதும் சொல்வேன், கொஞ்சம் மெதுவாக.

நடந்ததை நான் சொல்லப்போவதில்லை. என் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒடெட் உங்கள் முகத்தையே பார்க்கிறாள்.