பூட்டிய கதவின் மறுபக்கம்

"இவளுக்குச் சாவி குடுத்தது யாரு?"

பெரியவர் போட்ட சத்தத்தில் அவர் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "சாவி உங்க இடுப்புலதானே தொங்குது? அதைக் கேளுங்க."

தம்பி செத்ததிலிருந்து, தம்பி மனைவியைப் பின்னறையில் விட்டு வெளியே பூட்டிவிட்டுத்தான் அவர் கடைக்குப் போவார். புருஷனை இழந்தவள் தெருவில் நடந்தால் குடும்ப மானம் போய்விடுமாம். ஆனால் அவளைப் பகலில் தையல் மெஷின் ரிப்பேர் பட்டறையில் பார்த்ததாக முடிதிருத்துபவர் சத்தியம் செய்தார். சாயங்காலம் வந்து பார்த்தால் பூட்டு பூட்டியபடி. அவள் உள்ளே, நகக்கண்ணில் எண்ணெய்க் கறையோடு.

பெரியவர் மனைவியைச் சந்தேகப்பட்டார். பூட்டு விற்றவனைச் சந்தேகப்பட்டார். பூனையைக்கூட உட்கார வைத்து விசாரித்தார். அது கடைசிவரை வாய் திறக்கவில்லை. பிறகு புதுப் பூட்டு வாங்கினார். அதன் கனத்தில் வீடே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாகத் தெருவில் பேச்சு.

தம்பிக்குப் பெண் பார்க்கப் போனபோதே அவள் அப்பா சொல்லியிருந்தார்: "சின்னதுல எதைக் கண்டாலும் பிரிச்சுப் போட்டுடுவா. தையல் மெஷினைப் பிரிச்சப்போ ஒரு நாள் பூரா இருட்டறையில அடைச்சேன். அதோட திருந்திட்டா." அந்த அறையில் அவளுக்கு விளையாட ஒரு கரண்டியும் ஒரு கதவும்தான் இருந்தன என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அன்றுமுதல் எது நின்றுபோனாலும், ஏன் என்று பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

"நாளைக்கு வந்தா வேலை நிரந்தரம். வரலைன்னா வேற ஆளு பாத்துக்கறேன்" என்று பட்டறைக்காரர் சொல்லிவிட்டிருந்தார். அது பெரியவர் காதுக்கும் எட்டியது. மறுநாள் கடையை அடைத்துவிட்டு, பின்னறைக்கு எதிரே நாற்காலி போட்டு, பூட்டையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பூட்டு அசையவே இல்லை. கதவுதான் மறுபக்கம் திறந்தது. கீல்களின் ஆணிகளை உள்ளிருந்து உருவிவிட்டு, கதவை ஓரமாக நகர்த்தி, அவள் வெளியே வந்தாள். ஆணிகளை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"சாவி உங்ககிட்டதான் இருக்கு. இதுவும் உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா."

"தெரு என்ன சொல்லும்?"

"தெருவுல பாதி வீட்டு மெஷின் என்கிட்டதான் ரிப்பேருக்கு இருக்கு. ஒண்ணும் சொல்லாது."

வாசல் தாண்டிப் போய்விட்டாள். பெரியவர் பூட்டை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை, நல்ல சரக்கு.

பின்னாலிருந்து அவர் மனைவி, இடுப்பில் தன் கைமெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இதுவும் ரொம்ப நாளா நூல் அறுக்குது. அவகிட்ட காட்டிட்டு வரேன். நீங்க பூட்டைப் பாத்துக்கிட்டு இருங்க."