துணிக்கடைப் பை

வெளிநாட்டு நிதி நின்றுபோன வருஷம், எங்கள் கூட்டமைப்பின் அறையைப் பூட்டிவிடலாம் என்றுதான் பலரும் சொன்னார்கள். சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது அந்த அறை. எச்.ஐ.வி. உள்ளவர்கள் மாதம் ஒருமுறை அங்கே கூடுவோம். மாத்திரையை அரசு ஆஸ்பத்திரி இலவசமாகத் தருகிறது. அதை வாங்கப் போக பஸ் காசு, வெறும் வயிற்றில் விழுங்காமல் இருக்கச் சத்துமாவு, மாத்திரையை நிறுத்தியவர்களைத் தேடிப் போக ஓர் ஆள், இவையெல்லாம் நிதியில் நடந்தவை. அந்த ஆள் என் கணவர் எபினேசர். அவருக்கும் எனக்கும் எச்.ஐ.வி. இருந்தது. வெளியே அவர் ஏதோ தொண்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர், நான் விசைத்தறிக் கூடத்தில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்கிறவள், அவ்வளவுதான்.

நிதி நின்ற சில மாதங்களில் குருவிகுளம் பக்கமிருந்து வந்தவர்கள் மாத்திரையை விட்டார்கள். அவர்களில் வள்ளித்தாய் பிழைக்கவில்லை. அதன் பிறகு எபினேசர் ரத வீதிக் கடைகளில் ஏறி இறங்கத் தொடங்கினார்.

துணிக்கடை ஆவுடையப்பன் அண்ணாச்சி ஒருவர்தான் உட்காரச் சொல்லி முழுவதும் கேட்டார். அறை வாடகை, பஸ் காசு, மாவு எல்லாம் தான் தருவதாக ஒத்துக்கொண்டார். அடுத்த மாதமே மாவு, பயறு, கடலைமிட்டாயோடு மஞ்சள் துணிப் பைகள் வந்தன. பையின் மேல் பெரிய சிவப்பு எழுத்தில் ‘எச்.ஐ.வி. பாதித்தோருக்கு உபயம்’ என்றும் கீழே கடையின் பெயரும் அச்சடித்திருந்தது. கோவிலுக்கு டியூப்லைட் கொடுத்தால், வெளிச்சம் மறைகிற அளவுக்கு அதன் மேல் உபயம் எழுதுகிற ஊர் இது. அண்ணாச்சிக்கும் அந்தப் பழக்கந்தான். வேறு எண்ணம் கிடையாது.

அதைத் தூக்கிக்கொண்டு யார் பஸ் ஏற முடியும்? எங்களில் ஒருத்தியான ஷாஹின் பானு பையை உள்வெளியாகப் புரட்டிப் பார்த்தாள். அப்போதும் எழுத்து தெரிந்தது.

“இதுக்கு ஒரு மைக் செட்டே வச்சிரலாம்,” என்றாள்.

சிரித்தோம். சிலர் மாவை டிபன் பாக்ஸில் அள்ளிப் போனார்கள். சிலர் தொடவே இல்லை. அடுத்த மாதம் கூட்டம் பாதியானது.

அண்ணாச்சியைப் பார்க்க நானும் கூடப் போனேன்.

“உங்க பேரு இருக்கட்டும் அண்ணாச்சி, எங்க பேர எடுத்திருங்க,” என்றார் எபினேசர். “துணி எடுக்க வாரவங்களுக்குக் கொடுக்கீங்கள்லா, அந்த மஞ்சப் பையே போதும்.”

“அதுல கடைப் பேருதான வே இருக்கு. நான் கொடுத்தது ஊருக்குத் தெரியாண்டாமா?”

அவருடைய அப்பா கொடுத்ததெல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறதாம். தெரிந்தால்தான் இன்னும் நாலு பேர் கொடுப்பான் என்றார். அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். வருஷத்துக்கு ஒருமுறை கல்யாண மண்டபத்தில் விழா வைப்பார். எங்களில் ஒருவர் மேடையேறி அவர் கையால் பை வாங்கிக்கொள்ள வேண்டும். பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். மற்றவர்களுக்குக் கடைப் பை.

வீட்டுக்கு வந்ததும் எபினேசர், “நான் ஒருத்தன் ஏறினாப் போதும், பூரணம்,” என்றார்.

“நீங்க ஏறினா நானும் ஏறின மாதிரிதான். பேப்பர்ல உங்க படம் மட்டும் வந்தா என்னைய விட்டுருவாங்களா?”

அவர் கொடியில் கிடந்த என் சேலைகளைப் பார்த்தார்.

“அப்ப நல்ல சேலையா எடுத்துக் கட்டு. அண்ணாச்சி கடைச் சேலைன்னா இன்னும் விசேஷம்.”

இருவரும் ஏறினோம். படம் வந்தது. அந்த வாரமே வாடகை வீட்டுக்காரி கோமதியம்மாள் வாசலில் நின்றபடி, “தப்பா நெனைக்காண்டாம், எங்க அனுவுக்கு மாப்பிள்ளை பாக்குதோம்,” என்றாள். குரலில் கோபம் இல்லை. தறிக்கூட முதலாளி நூல் வரவில்லை என்றார். எனக்கு மட்டும் வரவில்லை. அறைக்குப் பின்னால் சாமான் போட்டுவைத்திருந்த சிறு இடத்தை ஒழித்து, அங்கே குடிபோனோம். கடைப் பைகள் வந்தன. விட்டுப்போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். குருவிகுளம் ஆட்களும் வந்தார்கள். விழா மேடையில் ஒவ்வொரு வருஷமும் நாங்கள் இருவரே ஏறினோம்.

போன வருஷம் எபினேசர் இறந்தார். மாத்திரையைத் தவறவிட்டதே இல்லை. நெஞ்சுவலி.

கல்லறைத் தோட்டத்துக்குச் சபையாரும் உறவினர் சிலரும் வந்தார்கள். அண்ணாச்சி பெரிய மாலையோடு வந்தார். சுற்றிலும் பார்த்தார்.

“உங்க ஆளுக ஒருத்தரையும் காணோமே,” என்றார். “எத்தன பேருக்கு அலைஞ்சாரு மனுசன்.”

“வரமாட்டாங்க அண்ணாச்சி. இங்கன வந்து நின்னா அவங்க யாருன்னு தெரிஞ்சிரும். வரக்கூடாதுன்னு அவரே சொல்லி வச்சிருந்தாரு.”

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கடைசி மண் விழும்வரை வாசல் பக்கமே பார்த்தபடி நின்றார். அந்த வருஷம் விழா நடக்கவில்லை. அண்ணாச்சி தருவதும் நிற்கவில்லை.

பை கொடுக்கும் நாளில் எல்லோரும் வந்தார்கள். ஷாஹின் பானு எபினேசருடைய நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்கள்.

ஜன்னலில் நின்று பார்த்தேன். ஆடி மாதத் தள்ளுபடி ஆரம்பித்திருந்தது. தெரு முழுக்க அதே மஞ்சள் கடைப் பை. யார் துணி எடுத்தவர், யார் எங்கள் ஆள் என்று பேருந்து நிலையம் வரைக்கும் தேடினேன். எனக்கே தெரியவில்லை.