வுனிபால்ட்டின் தாய்மாமன்

மனித குலம் பெயர் என்னும் மூடநம்பிக்கையிலிருந்து விடுதலை பெற்றது ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், அக்கா வீட்டுச் சோபாவில். விடுதலை வாங்கிக் கொடுத்தவன் நிசாந். வயது இருபத்தாறு. பழைய ஜெர்மன் மொழி பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தான். மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறான் என்பதை அவனுடைய அப்பா ஸ்ரீஸ்கந்தராஜா கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

“பேர் எண்டது தபால்பெட்டியிலை ஒட்டுற துண்டு. கடிதம் வந்து சேர்ந்தால் காணும்” என்றான் நிசாந். “நட்சத்திரம் பாத்து, எழுத்துப் பாத்துப் பேர் வைக்கிறது மண்டை இல்லாதவன்ரை வேலை. நான் சாகும்வரைக்கும் பஞ்சாங்கத்தைக் கையாலும் தொடமாட்டன்.”

அக்கா மிதுசாவின் மடியில் கிடந்த பத்தொன்பது நாள் பிள்ளை கொட்டாவி விட்டது.

அந்தப் பிள்ளைக்குத்தான் இன்னும் பெயர் இல்லை. ஹம்பேர்க்கில் இருக்கும் சாத்திரியார் தொலைபேசியில் கணித்துச் சொல்லியிருந்தார்: ரோகிணி நட்சத்திரம், நாலாம் பாதம். ஒரு நட்சத்திரத்துக்கு நாலு பாதம், ஒவ்வொரு பாதத்துக்கும் ஓர் எழுத்து. அந்த எழுத்தில்தான் பெயர் தொடங்க வேண்டும். பிள்ளைக்கு விழுந்த எழுத்து ‘வு’.

தமிழில் வுவன்னாவில் ஒரு பெயரும் இல்லை. பிள்ளையின் தகப்பன் மதிசுதன் வேலைத்தல இடைவேளைகளில் இணையம் முழுக்கத் தேடிவிட்டு, இருப்பது வுப்பர்டால் ஒன்றுதான் என்று அறிவித்திருந்தார். ஊர்ப் பதிவு அலுவலகமோ பிறந்து ஒரு மாதத்துக்குள் பெயர் கேட்டது. அதற்கு இன்னும் பதினொரு நாள்.

“வுப்பர் எண்டு வைப்பமோ?” என்று மதிசுதன் பகிடியாகக் கேட்டார்.

“அத்தான், அது இங்கை ஓடுற ஆறு” என்றான் நிசாந். பிறகு, தன் வாழ்நாளின் மிகச் சிறந்த பகிடி என்று அப்போது அவனுக்குப் பட்டதை, முகத்தில் ஒரு நரம்பும் அசையாமல் சொன்னான்: “வுவன்னாவிலை அருமையான பேர் ஒண்டு இருக்கு. வுனிபால்ட்.”

யாரும் சிரிக்கவில்லை. அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை என்று நிசாந்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“கருத்து என்ன?”

“முதல் பாதி பழைய ஜெர்மன் மொழியிலை ஆனந்தம். மற்றப் பாதி துணிவு.”

“ஆனந்த தீரன்” என்றார் அப்பா மெதுவாக. மருந்துக் களஞ்சியமொன்றில் இருபத்தெட்டு வருடமாகப் பாரந்தூக்கி வண்டி ஓட்டும் மனிதரிடமிருந்து அப்படி ஒரு குரலை நிசாந் கேட்டதில்லை. “ஆர் அவர்?”

இந்த இடத்தில் அவன் வாயை மூடியிருக்கலாம். ஆனால் மூன்று வருடமாக அவனிடம் ஆய்வைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“எட்டாம் நூற்றாண்டு. இங்கிலாந்திலை இருந்து வந்த துறவி. இங்கை மடம் கட்டினவர்.”

“கடல் கடந்து வந்தவரோ?”

“ஓம்.”

“தனியவோ?”

“இல்லை. தமையன் வில்லிபால்ட், தங்கச்சி வால்புர்கா, எல்லாரும் ஒவ்வொருத்தராய் வந்து சேர்ந்தவை. தாய்மாமன் ஒருத்தர் முதலே வந்திருந்து கூப்பிட்டவராம்.”

அப்பாவும் மதிசுதனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மதிசுதனை ஜெர்மனிக்குக் கூப்பிட்டவரும் தாய்மாமன்தான்.

“அகதியெண்டு அசூல் அடிச்சவரோ?”

“அப்பிடியும் சொல்லலாம்.”

“திரும்பிப் போகேல்லையோ?”

“இல்லை. வருத்தக்காரன். இங்கையே செத்துப் போனார்.”

அப்பா தொலைக்காட்சியை நிறுத்தினார். பிறகு, “இவர் எங்கட ஆள்” என்றார்.

நிசாந் அவசரமாக அடுத்த அத்தியாயத்துக்குத் தாவினான். “ஆனால் அப்பா, இப்ப ஜெர்மன்காரரே இந்தப் பேரை வைக்கிறேல்லை. கேள்விப்பட்டதும் இல்லை. நானே இந்தப் பேரிலை உயிரோடை ஒருத்தரைக் கண்டதில்லை.”

“அப்ப இன்னும் நல்லது. உன்ரை வகுப்பிலை மூண்டு நிசாந். ஆசிரியர் கூப்பிட்டால் மூண்டு பேரும் எழும்பி நிண்டனீங்கள். இவன் ஒருத்தன்தான் நிப்பான்.”

“அவன் ஒருத்தன் நிக்கேக்கை மிச்சம் இருபத்தைஞ்சும் சிரிக்கும்.”

“உன்னைப் பாத்துச் சிரிக்கேல்லையோ? நீ படிச்சு வரேல்லையோ? முடிக்கேல்லை, அது வேறை.”

மிதுசா பிள்ளையின் காதருகே குனிந்து, “வுனி” என்றாள். பிள்ளை கண் திறந்தது. அத்தோடு விஷயம் முடிந்தது.

வியாழக்கிழமை பிள்ளையை நிறுக்க வந்த மருத்துவச்சியிடம் அப்பா பெயரைச் சொன்னார். அந்த ஜெர்மன் பெண் தராசைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், கடைசியில் “சுவாரசியமாக இருக்கிறது” என்றாள். ஒரு ஜெர்மன்காரர் ஒன்றைச் சுவாரசியம் என்றால் அதைக் குப்பையில் போட்டுவிட்டுக் கைகழுவலாம். அப்பா அதைப் பாராட்டாக வாங்கிக்கொண்டார்.

அன்று முழுக்க நிசாந்துக்குப் பள்ளிக்கூட முற்றங்கள்தான் கண்ணுக்குத் தெரிந்தன. ஆறு வயதில் ஒரு கறுத்த மெல்லிய பிள்ளை, முதுகில் பை, பின்னால் இருபத்தைந்து பேர் ராகம் போட்டு “வுனிபால்ட்”. பதினாறில் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பம். முப்பதில், “இந்தப் பேரை உனக்கு ஆர் வைச்சது?” “என்ரை தாய்மாமன்.” பெயர் வெறும் துண்டு என்றால் தான் ஏன் இவ்வளவு பதற வேண்டும் என்ற கேள்வியை அவன் ஆய்வேட்டைப் போலவே பிற்போட்டான்.

வாதம் எடுபடாது. சாத்திரியாரின் வாக்கை உடைக்கச் சாத்திரம்தான் வேண்டும். அடுத்த நாள், அப்பா வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகே கிடந்த யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தை, முற்றிலும் ஆராய்ச்சி நோக்கத்துக்காக எடுத்து, ஆய்வேட்டுக் கோப்புக்குள் மறைத்துக்கொண்டு, வுப்பர் ஆற்றுக்கு மேலே ஓடும் தொங்குரயிலில் ஏறினான். எதிரில் இருந்த கிழவர் அது என்ன எழுத்து என்று கேட்டபோது, பழைய ஜெர்மன் என்றான்.

பஞ்சாங்கத்தைப் புரட்டியபடி நாலு தரம் முனைக்கு முனை போய்வந்தான். ஐந்தாவது தரம் கண்டுபிடித்தான்.

பிள்ளை பிறந்தது காலை பத்து நாற்பதுக்கு. சாத்திரியார் அதோடு நாலரை மணித்தியாலத்தைக் கூட்டி, யாழ்ப்பாணத்தில் பிற்பகல் மூன்று பத்து என்று எடுத்திருந்தார். ரோகிணியின் மூன்றாம் பாதம் இரண்டு நாற்பதுக்கு முடிகிறது; ஆகவே நாலாம் பாதம், வு. ஆனால் நாலரை குளிர்காலக் கணக்கு. ஜெர்மனி கோடைக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினால் வித்தியாசம் மூன்றரைதான். பிள்ளை பிறந்தது மே மாதம். யாழ்ப்பாணத்தில் அப்போது இரண்டு பத்து. மூன்றாம் பாதம். எழுத்து ‘வி’.

தரிப்பிடத்தில் இறங்கியதும் ஹம்பேர்க்குக்கு அழைத்தான்.

“ஐயா, கோடைகால நேரத்தைக் கழிச்சனீங்களோ?”

மறுமுனையில் கடதாசி புரளும் சத்தம்.

“இவங்கள் மணிக்கூட்டை மாத்திறதுக்குக் கிரகங்கள் பொறுப்பில்லைத் தம்பி” என்றார் சாத்திரியார். இன்னும் கொஞ்சம் கடதாசி புரண்டது. “நீர் சொல்லுறது சரிதான். மூண்டாம் பாதம். நீர் ஆர்? சாத்திரம் படிக்கிறனீரோ?”

“இல்லை ஐயா.”

“நல்ல கணிதம் இருக்கு உமக்கு. விட்டுடாதையும்.”

அன்று பின்னேரம் அதே சோபாவில் அப்பா மதிசுதனிடம், சாத்திரியாரையே மடக்கின பெடியன் என்று மூன்று தரம் சொன்னார். கல்யாணம் பேசும் தொனி இருந்தது. மூன்று வருட ஆய்வு சம்பாதிக்காததை ஒரு மணித்தியாலக் கழித்தல் சம்பாதித்திருந்தது.

“வி எண்டால்...” என்று தொடங்கிய அப்பா திடீரென்று நிசாந்தின் பக்கம் திரும்பினார். “அந்தச் சாமியின்ரை தமையனுக்கு என்ன பேர் சொன்னாய்?”

நிசாந் கைப்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினான். “ஞாபகம் இல்லை அப்பா.”

“வில்லிபால்ட்” என்றார் மதிசுதன், உதவி செய்யும் நோக்கத்தோடு.

“அப்பா, என்ரை பிள்ளைக்கு விதுசன்!” என்றாள் மிதுசா. அவள் கத்தியதில் பிள்ளையும் கத்தியது. அரை மணித்தியாலப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒப்பந்தம் ஆனது: கூப்பிடுகிற பெயர் விதுசன், இரண்டாம் பெயர், யாரும் பார்க்காத இடத்தில், கடவுச்சீட்டுக்குள் மட்டும், வில்லிபால்ட். விதுசன் என்றால் என்ன கருத்தென்று யாரும் கேட்கவில்லை.

நிசாந் தன் அறைக்குத் திரும்பி ஆய்வேட்டைத் திறந்தான். கோப்புக்குள் பஞ்சாங்கம் இன்னும் இருந்தது. நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தான். அப்படி நினைக்கும்போதே, தனக்குச் சாதகம் கணித்ததும் இதே சாத்திரியார்தான் என்பதும், தான் பிறந்தது ஜெர்மனியில், ஜூலை மாதம் என்பதும் ஞாபகம் வந்தது.

அனுஷம், இரண்டாம் பாதம், ‘நி’ என்றுதான் இத்தனை நாளும் வீட்டில் சொல்லி வந்தார்கள். அவனுடைய வருடத்துப் பஞ்சாங்கத்தைக் கைப்பேசியில் தேடி எடுத்தான். கணக்குச் சரிபார்ப்பதில் மூடநம்பிக்கை ஒன்றும் இல்லை. கோடைக்குரிய ஒரு மணித்தியாலத்தைக் கழித்தான். முதலாம் பாதம். எழுத்து ‘ந’.

மூன்று வருடமாக முடியாத ஆய்வேட்டின் முகப்புத் தாளை அவன் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழும்பி, கதவைச் சாத்திவிட்டு வந்து, தன் பெயருக்குக் கீழே பென்சிலால், அழிக்கக்கூடிய மாதிரி, எழுதினான்: நரேன். நவீனன். நகுலன்.

மூன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். கடைசியை இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாக.