திருட்டு வெடி

நிலநடுக்கத்தைப் படிக்கிற வேலைக்குப் போனவனை வீட்டில் சும்மா விடுவார்களா? தங்கச்சிதான் முதலில் ‘பூகம்பம்’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். அப்புறம் அம்மா, அப்புறம் சொந்தக்காரர்கள். கடைசியில் தங்கச்சி மகள் பேச்சு வந்த கையோடு ‘பூகம்ப மாமா’ என்றாள். ஆள் என்னவோ ஈயைக்கூட அதட்டத் தெரியாதவன். அவன் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

ஆராய்ச்சி நிலையத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையை அவன் பிரிவுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மலையைச் சுற்றிப் பாறைக்குள் புதைத்து வைத்த கருவிகள் அனுப்பும் அதிர்வுக் கோடுகள் அங்கே திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். லாரி போனால் ஒரு மாதிரி, இடி இடித்தால் ஒரு மாதிரி, எங்கோ தூர தேசத்தில் நிலம் குலுங்கினால் வேறு மாதிரி. பார்த்துப் பார்த்து இது இன்னது என்று பிரித்து வைப்பதுதான் வேலை. வெளியே சொன்னால் பெரிய விஞ்ஞானம். உள்ளே உட்கார்ந்து பார்த்தால் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிதான்.

பொறுக்கிப் போட்ட கல்லில் முக்கால்வாசி குவாரியுடையது. மலையின் பின்புறம் கல் உடைக்கும் குவாரி ஒன்று இருந்தது. அங்கே வெடி வைத்தால் இங்கே கருவிகள் துள்ளும். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சின்ன அதிர்வு வந்தால் யோசிக்காமல் ஒரு பட்டனைத் தட்டுவார்கள். ‘குவாரி வெடி’ என்று முத்திரை விழும். அது சரியாக எந்த இடத்திலிருந்து, எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது என்று கணக்குப் போடும் முன்பே ஒதுக்கிவிடுவார்கள். நடு இரவில் வந்தாலும் அதே பட்டன்தான். ராத்திரியில் வெடி வைக்க அனுமதி கிடையாதே என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் யாராவது கேட்டால் அறையே சிரிக்கும்.

“திருட்டு வெடி வைக்கிறான் பாவி. மனுஷன் தூங்கவே மாட்டான் போல,” என்பான் பூகம்பம்.

குவாரி முதலாளியை அந்த அறையில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய பேராசை எல்லோருக்கும் அத்துப்படி.

இப்படிப் பொறுக்கிப் போட்டது போக மிஞ்சியதைப் பார்த்தால் அந்த மலை வாயில்லாப் பூச்சி. ஒரு முனகல் கிடையாது. அணுக்கழிவைப் புதைக்க இடம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்? உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருள், எத்தனையோ தலைமுறைக்கு அதன் விஷம் அடங்காது. அதை உருக்குப் பீப்பாய்களில் அடைத்து, மலைக்கடியில் சுரங்கம் குடைந்து, குழிகளில் இறக்கி மூடிவிட வேண்டும். நிலம் அசையாத இடமாக இருக்க வேண்டும். இந்த மலை அசையாது என்று சொன்ன அறிக்கையில் பூகம்பமும் கையெழுத்துப் போட்டிருந்தான்.

அதோடு விட்டானா? தங்கச்சி பள்ளிக்கூட ஆசிரியை. சுரங்க ஊழியர்களுக்காக மலையடிவாரத்தில் கட்டிய குடியிருப்பில் பள்ளி திறந்தபோது, அங்கே மாற்றல் கேட்கலாமா என்று அண்ணனைத்தான் கேட்டாள். “கண்ணை மூடிக்கிட்டுப் போ,” என்றான். அவள் புருஷனுக்கும் சுரங்கத்திலேயே வேலை கிடைத்தது. பீப்பாய்களைக் குழிக்குள் இறக்கும் கிரேனை ஓட்டுகிற வேலை. குடும்பமே அவன் வாய்ச்சொல்லை நம்பி அங்கே போய்க் குடியேறியது.

குழிகளெல்லாம் நிறைந்து, சுரங்கத்தின் வாயை நிரந்தரமாக மூட நாளும் குறித்தாகிவிட்டது. மூடிய பிறகு மலையைக் கண்காணிக்கப் புதுக் கருவிகள் வந்திறங்கின. கருவிக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சோதிக்க, நேரமும் இடமும் தெரிந்த ஒரு வெடி வேண்டும். அதற்குத்தான் குவாரி இருக்கிறதே. அடுத்த வெடி எப்போது என்று கேட்டு வர பூகம்பமே நேரில் போனான். போனிலேயே கேட்டிருக்கலாம். அந்தப் பேராசைக்காரரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசைதான்.

முதலாளி ஒல்லியான, சாதுவான மனிதர். காது கொஞ்சம் மந்தம்.

“வெடியா? அதை விட்டு ஆறு வருஷம் ஆச்சே சார்,” என்றார். “இப்ப எல்லாம் கம்பி ரம்பம்தான். அதோ ஓடுது பாருங்க. சத்தமே இல்லாம வழிச்சு எடுத்துடும்.”

“ராத்திரியில வைக்கிறது?”

“ராத்திரியில இங்க வாட்ச்மேன்கூட தூங்கிடுவான்.”

“ஏன் நிறுத்தினீங்க?”

முதலாளி அவனை மேலும் கீழும் பார்த்தார். “நல்லா கேட்டீங்க போங்க. உங்க ஆபீஸ்லேர்ந்துதானே வந்து நிறுத்தச் சொன்னாங்க? சுரங்கம் தோண்டப் போறோம், பாறை அதிரக் கூடாதுன்னு சொல்லி வெடிமருந்து ரூமையே சீல் வச்சுட்டுப் போனாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. பூகம்பம் பாறைப் பக்கம் திரும்பினான். எதிரே பாறையின் மேல் தண்ணீர் வழிய வழியக் கம்பி வழுக்கிக்கொண்டு ஓடியது. வெட்டுப்பட்ட முகம் கண்ணாடி மாதிரி இருந்தது. நேற்றுக் காலைகூட அந்தப் பட்டனைத் தட்டியிருந்தான்.

நல்ல வேளையோ கெட்ட வேளையோ, கணக்கிலிருந்து நீக்கியதை இயந்திரம் அழித்துவிடுவதில்லை. அன்று மதியமே அவன் ஆறு வருடத்துக் ‘குவாரி வெடி’களை எடுத்து, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போடச் சொல்லி வரைபடத்தில் இறக்கினான். வெடியாக இருந்திருந்தால் எல்லாம் குவாரியைச் சுற்றிக் கும்பலாக விழுந்திருக்க வேண்டும். குவாரியின் ஓரத்தில் தொடங்கிய புள்ளிகள் மலைக்கடியில் சரிந்து இறங்கின. சுரங்கத்துக்கு நேர் கீழே போயின. குடியிருப்பையும் தாண்டித்தான் நின்றன. எல்லாம் சேர்ந்து ஒரே கோடு. பாறையின் அடியில் உயிரோடு இருக்கிற ஒரு பிளவு அது. இவ்வளவு நீளமான பிளவு காலமெல்லாம் சில்லறையாக முனகிக்கொண்டும் இருக்கலாம், ஒருநாள் ஒரேயடியாக விட்டுக்கொடுத்துவிடவும் செய்யலாம்.

பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன சார், இன்னைக்கு எத்தனை திருட்டு வெடி?” என்றார். பூகம்பம் வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு நிலையத்தின் இயக்குநரிடம் போனான்.

இயக்குநர் நல்லவர். அதைச் சொல்லியாக வேண்டும். கதையில் கெட்டவன் ஒருவன் இருந்தால் பழியை அவன் தலையில் கட்டிவிட்டு நாமும் நிம்மதியாக இருக்கலாம். இங்கே அந்த வசதி இல்லை. அவர் வரைபடத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அப்புறம் மூன்றாம் மாடியிலிருந்து சுரங்கப் பிரிவின் தலைமைப் பொறியாளரை வரச் சொன்னார். அந்த அம்மாளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. கோட்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“வெடியை நிறுத்தச் சொன்னதே நான்தான்,” என்றார். “ஜாக்கிரதையா இருக்கணும்னு சொன்னேன்.”

“எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்.”

“நீங்க நிலநடுக்கம்தானே பார்க்கிறீங்க? வெடியைப் பத்தி உங்களுக்கு எதுக்குன்னு விட்டுட்டோம்.”

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார்கள். மூன்று மாடி. லிப்டில் ஏறினால் வாயில் போட்ட மிட்டாய் கரைவதற்குள் போய்விடலாம். ஆறு வருடமாக யாரும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

“வெளிய எடுத்துடலாமா?” என்று இயக்குநர் கேட்டார்.

பொறியாளர் இல்லையென்று தலையை ஆட்டினார். “எடுக்கவே முடியாதபடிதான் சார் செஞ்சிருக்கோம். நமக்கு அப்புறம் யாரும் தெரியாத்தனமா தோண்டிடக் கூடாதுன்னு. ஒவ்வொண்ணையும் சுத்திக் களிமண்ணு, அதுக்கு மேல கான்கிரீட்டு. அதை எப்படி எடுக்க முடியாம பண்றதுன்னு ரெண்டு வருஷம் மண்டையைப் பிச்சுக்கிட்டோம்.”

“எப்ப வரும்னாவது சொல்ல முடியுமா?” இயக்குநர் இப்போது பூகம்பத்திடம் கேட்டார்.

“அதை யாராலயும் சொல்ல முடியாது சார்.”

“தேதி இல்லாம நான் யார்கிட்ட போய் என்ன சொல்றது? ஊரையே காலி பண்ணுன்னு சொல்லணும். எங்க போறதுன்னு கேட்பாங்க. எப்ப திரும்பி வரலாம்னு கேட்பாங்க. என்னன்னு சொல்ல?”

கடைசியில், திறந்து கிடப்பதைவிட மூடியிருப்பது மேல் என்பதால் சுரங்கத்தைக் குறித்த நாளில் மூடிவிடுவது என்று முடிவானது. ஒரு நிபுணர் குழு போடுவது. குழு வாயைத் திறக்கும்வரை இவர்கள் திறக்கக் கூடாது, வீட்டில்கூட. இயக்குநர் அதைச் சொல்லும்போது இருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

சொன்னதைக் கேட்டு நடக்கிறவன்தான் பூகம்பம். ஆனாலும் சுரங்கத்தை மூடுகிற அன்று லீவு சொல்லிவிட்டு, பள்ளி விடும் நேரத்துக்குத் தங்கச்சி வீட்டுக் கதவைத் தட்டினான். மகள் பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள். தங்கச்சி சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள்களைப் பரப்பித் திருத்திக்கொண்டிருந்தாள்.

“என்ன அண்ணா, நீ லீவெல்லாம் போடுவியா? உலகம் ஏதும் அழியப் போகுதா?” என்று சிரித்தாள்.

அவன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். பட்டனைச் சொன்னான், கம்பி ரம்பத்தைச் சொன்னான், மேஜையில் விரலால் அந்தக் கோட்டைப் போட்டும் காட்டினான். அவள் சிவப்புப் பேனாவை மூடி ஓரமாக வைத்தாள்.

“எப்ப வரும்?”

“தெரியாது.”

“சுமாரா?”

“சுமாராவும் தெரியாது. நாளைக்கு வரலாம். நம்ம காலத்துக்கெல்லாம் அப்புறம் வரலாம். வராமலேயும் போகலாம்.”

“உள்ள வச்சதை எடுக்க முடியாதா?”

“முடியாது.”

“அப்ப எதுக்கு என்கிட்ட சொன்ன?”

உன்மேல் இருக்கிற பாசத்தில்தான் என்று சொல்ல வந்தான். அதுகூட உண்மையில்லை என்று அவனுக்கே பட்டது. தனியாகத் தூக்க முடியாமல் பாதியை அவள் தலையில் வைக்க வந்திருக்கிறான். எவ்வளவு கேவலம்.

“பாப்பாவைக் கூட்டிக்கிட்டு நீங்க கிளம்பிடுங்க. மாற்றல் கேளு.”

“கேட்கலாம். காரணம் என்னன்னு எழுதறது?” கட்டாக இருந்த விடைத்தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “இதுல நாற்பது பேர் இருக்கு அண்ணா. இவங்களுக்கெல்லாம் லீவு போட்டுட்டு ஓடி வந்து சொல்ல அண்ணன் இருக்கானா? திங்கக்கிழமை இதுங்க மூஞ்சியை நான் எப்படிப் பார்ப்பேன்?”

“பாப்பா மட்டுமாவது என் வீட்ல இருந்து படிக்கட்டும்.”

“அவளைப் பிரிஞ்சு அவர் ஒரு நாள் இருக்க மாட்டார். பரீட்சை முடியட்டும். ஏதாவது பொய் யோசிக்கிறேன்.” அவன் பக்கம் குனிந்தாள். “அவர்கிட்ட மட்டும் சொல்லிடாத. அத்தனையும் அவர் கையால இறக்கினது. ஒண்ணுல ஒரு கீறல் விழலைன்னு பார்க்கிறவங்ககிட்டல்லாம் பெருமை பேசுற மனுஷன். தெரிஞ்சா பைத்தியம் பிடிச்சிடும்.”

சொல்லி முடிக்கவில்லை, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை கால்சட்டை முழுக்கச் சிமென்ட் புழுதியோடு, கையில் ஒரு கேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“அட, மச்சான். சரியான நாள்லதான் வந்திருக்கீங்க. மூடியாச்சு. கடைசி லோடு கான்கிரீட்டு நான் கண்ணால பார்க்கக் கொட்டினாங்க. இனிமே உள்ள இருக்கிறதுக்கும் நமக்கும் ஒண்ணுமே இல்லை.”

பூகம்பம் சிரிக்கப் பார்த்தான். மாப்பிள்ளை அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எனக்கு இங்கேயே கண்காணிப்பு வேலையைப் போட்டுட்டாங்க. ரிட்டயர் ஆகிற வரைக்கும் கவலையில்லை. அதான், எங்கம்மாவை இங்கேயே கூட்டிட்டு வந்துடலாம்னு இருக்கேன். அங்க தனியா கிடக்குறாங்க. மலைன்னாதான் அவங்களுக்குப் பயம். நீங்க போன்ல ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கிளம்பிடுவாங்க. உங்க மேல அவங்களுக்கு அவ்வளவு மரியாதை.”

போனை எடுத்து எண்ணைத் தேடத் தொடங்கிவிட்டார்.

“வேண்டாம்,” என்றாள் தங்கச்சி.

“என்ன வேண்டாம்?”

“அத்தை இங்க வர வேண்டாம். எனக்குச் சரிப்பட்டு வராது.”

மாப்பிள்ளைக்கு முதலில் புரியவே இல்லை. கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார். மாமியாரும் மருமகளும் பேச ஆரம்பித்தால் போனில் சார்ஜ் தீர்ந்தால்தான் நிறுத்துவார்கள். அவருக்கே சில நாள் பொறாமையாக இருக்கும்.

“நிஜமாத்தான் சொல்றேன். எனக்கு ஸ்கூல் வேலையே தலைக்கு மேல கிடக்கு. வயசானவங்களை வச்சுக்கிட்டு என்னால மல்லுக்கட்ட முடியாது. இடமும் பத்தாது.”

“உங்கம்மா வந்து நாலு மாசம் இருந்தாங்களே, அப்ப இடம் பத்திச்சா?”

“ஆமா. பத்திச்சு.”

அவர் முகம் செத்துப்போனது. அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக அவனிடம் திரும்பினார். “நீங்களாவது சொல்லுங்க மச்சான். இவளுக்கு என்ன ஆச்சு?”

பூகம்பம் தங்கச்சியைப் பார்த்தான். அவள் குனிந்தபடி பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“அவ சொல்றதும் சரிதான் மாப்ள,” என்றான். “அம்மா அங்கேயே இருக்கட்டும்.”

மாப்பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணனும் தங்கச்சியும் பேசிவைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எதைப் பேசிவைத்தார்கள் என்பதுதான் தெரியவில்லை. எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கேக் பெட்டி கயிறு பிரிக்காமல் அப்படியே இருந்தது.

சற்றுப் பொறுத்துக் கதவுக்குப் பின்னாலிருந்து அவர் போனில் பேசுவது கேட்டது. “இல்லம்மா, இப்ப வேண்டாம்... இல்ல, அவளுக்கு இஷ்டமில்லை... இருக்கட்டும்மா, நீ அழாத.”

தங்கச்சி கடைசி வார்த்தை வரை கேட்டாள். அப்புறம் சிவப்புப் பேனாவைத் திறந்து அடுத்த விடைத்தாளை எடுத்தாள்.

“ஒருத்தராவது மிஞ்சட்டும்,” என்றாள்.