பிரவுன் அட்டைக்குள் ஓர் அக்கா

விருது அறிவிப்புக்கு முந்தைய வாரங்களில் பல் டாக்டருக்கு வீட்டில் கூடுதலாக ஒரு வேலை உண்டு. நாவல்களுக்கு அட்டை போடுவது.

அவர் மனைவி பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறவர். எழுத்தாளர்கள் அவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் கத்தரி. முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு. ஒரு தடவை, சிநேகிதியின் நாவலைத் தூக்கிவைத்து எழுதிவிட்டார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அன்றைக்கே சபதம் போட்டுவிட்டார்: இனி விருதுப் பட்டியலில் வரும் நாவல்களை, எழுதியது யாரென்றே தெரியாமல்தான் படிப்பேன். அதிலிருந்து பட்டியல் வெளியாகிற சமயத்தில் பேப்பர் பக்கமே திரும்புவதில்லை. ஆபீஸ் அனுப்பும் பார்சலை டாக்டர்தான் பிரிக்க வேண்டும். பிரவுன் தாளில் அட்டை போட்டு, பெயர் தெரியும் முன்பக்கங்களைக் கிளிப் போட்டு இறுக்கி, முதுகில் ஒரு நம்பர் எழுதிக் கொடுக்க வேண்டும். கத்தரி அந்த நம்பரைப் போட்டே விமர்சனம் எழுதி அனுப்புவார். பெயர்களைப் பத்திரிகையின் பொறுப்பாசிரியர் சேர்த்துக்கொள்வார். இவ்வளவு பாடுபட்டு நாவல் படிக்கிறவரை டாக்டர் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த வருஷப் பார்சலில் நான்காவது நாவலைத் திருப்பியதும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது. பின்னட்டைப் போட்டோவில் இருந்தது அவருடைய மைத்துனி. கத்தரியின் ஒரே தங்கை, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எழுதியது புனைபெயரில்தான். ஆனால் முகத்துக்குப் புனைபெயர் வைக்க முடியாதே.

அக்காவும் தங்கையும் பேசி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தங்கை முதல்முதலாக எழுதிய கதைகளைக் கொண்டுவந்து காட்டியபோது, கத்தரி ஒரே மூச்சில் படித்துவிட்டு, "நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதே, கையெழுத்து ரொம்ப நல்லா இருக்கு. அதைத் தவிரப் பாராட்ட ஒண்ணுமில்லை" என்றார். தங்கை தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு, டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனாள். அதோடு சரி. கத்தரி அதைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. ஆனால் போன் அடித்தால் முதலில் எழுந்து ஓடுவது அவர்தான் என்பதை டாக்டர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

சொந்தக்காரர் புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுவதில்லை என்பது கத்தரியின் இன்னொரு விதி. நியாயமாக டாக்டர் அதைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அவரோ கிளினிக்குக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க வியர்த்தது. நாவலில் ஓர் அக்கா வருகிறாள். அழைப்பிதழ் கொடுக்க வந்தவர்களிடம் அதை வாங்கி, அவர்கள் எதிரிலேயே பென்சிலால் திருத்தித் திருப்பிக் கொடுக்கிறாள். நோயாளியைப் பார்க்கப் போன இடத்தில், சுவரில் மாட்டியிருக்கும் போர்டில் வாக்கியம் சரியில்லை என்று நர்ஸோடு மல்லுக்கு நிற்கிறாள். எதற்கும் முன்னால் "நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதே." கடைசி அத்தியாயத்தில் அதே அக்கா தங்கை வீட்டு வாசலில் வந்து நின்று மன்னிப்புக் கேட்கிறாள். அந்த அத்தியாயத்தை டாக்டர் திரும்பவும் படித்தார். அப்புறம் நிதானமாக அட்டை போட்டு, நான்கு என்று எழுதினார். மனைவி படித்தால் தன்னை அடையாளம் தெரிந்துகொள்வாள், தெரிந்துகொண்டால் போனையாவது எடுப்பாள் என்பது அவர் போட்ட கணக்கு.

கணக்கு தப்பிவிட்டது. சோபாவில் காலை நீட்டிப் படித்துக்கொண்டிருந்த கத்தரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இதைக் கேளுங்க. அழைப்பிதழ் கொடுக்க வந்தவங்க முன்னாடியே பென்சிலை எடுக்கிறா. இப்படியும் ஒருத்தி இருப்பாளா?"

"இருப்பா போல" என்றார் டாக்டர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"புருஷன் ஒருத்தன் வரான். வாயில்லாப் பூச்சி."

அந்த இடத்தை டாக்டரும் படித்திருந்தார். மனைவி வாயால் கேட்கும்போது கூடுதலாகவே வலித்தது.

எழுதி முடித்ததும் கத்தரி வழக்கம்போல உரக்கப் படித்துக் காட்டினார். "இந்த வருஷ நாவல்களிலேயே மிகவும் உயிரோட்டமான பாத்திரம் இந்த அக்காதான். எழுதியவர் இவளோடு ஒரே வீட்டில் வளர்ந்திருக்க வேண்டும். ஒரே குறை கடைசி அத்தியாயம். இப்படிப்பட்டவள் மன்னிப்புக் கேட்கப் போவாள் என்பதை நம்பவே முடியவில்லை. அது ஆசிரியரின் ஆசை, அவ்வளவுதான்."

பிறர் வாயைத் திறக்கவைத்தே பிழைக்கிறவருக்குத் தன் வாயைத் திறப்பது பெரும்பாடாகிவிட்டது. "அந்தக் கடைசிப் பாராவை எடுத்துடேன்" என்றார்.

"நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க, உங்களுக்கு இலக்கியம் தெரியாது" என்று கத்தரி அனுப்பியே விட்டார்.

விமர்சனம் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பல நாள் கழித்து அந்த வீட்டில் பேப்பர் பிரிக்கப்பட்டது. டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். நான்காவது நாவலைப் பற்றிய பகுதிக்குப் பக்கத்தில் தங்கையின் போட்டோ. கத்தரி கப்பைக் கீழே வைத்தார். எழுந்துபோய் அந்த நாவலை எடுத்தார், அட்டையைக் கிழித்தார், கிளிப்பை உருவினார். உள்ளே சமர்ப்பணம்: 'என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொன்ன அக்காவுக்கு.'

கத்தரி புத்தகத்தை மூடிவிட்டு டாக்டரைப் பார்த்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"நான் இப்படியா இருக்கேன்?" கேட்கும்போதே கத்தரிக்கு அழுகை வந்துவிட்டது.

வலிக்காது, வலிக்காது என்று சொல்லியே ஆயுசெல்லாம் பல் பிடுங்கியவர் அன்று அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. "ஆமாம்மா" என்றார். "ஆனா போன் அடிச்சா ஓடிப்போய் எடுக்கிறவளும் நீதான். அது நாவல்ல இல்லை."

கத்தரி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, முதலில் பொறுப்பாசிரியருக்குப் போன் போட்டார். நான்காவது நாவல் தன் தங்கையுடையது, தெரியாமல் எழுதிவிட்டேன், அடுத்த வாரம் அதைப் பேப்பரில் போட்டுவிடுங்கள் என்றார். அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் டாக்டருக்கே கேட்டது. பிறகு கத்தரியும் செருப்பை மாட்டினார். டாக்டர் ஒன்றும் கேட்காமல் காரை எடுத்தார்.

மாடி வீட்டில் தங்கை கதவைத் திறந்தாள். கையில் அதே பேப்பர். அக்காவைப் பார்த்தாள், பின்னால் நின்ற அத்தானைப் பார்த்தாள், வழிவிடவில்லை.

"நான் சொல்றேன்னு..." என்று ஆரம்பித்த கத்தரி சட்டென்று நிறுத்திக்கொண்டார். மாடிப்படியை ஒரு தடவை பார்த்தார், இறங்கிப் போய்விடுவாரோ என்று டாக்டருக்குப் பயமாக இருந்தது.

"அந்தக் கடைசி அத்தியாயம் நம்புற மாதிரிதான் இருக்கு" என்றார் கத்தரி. "என்னை மன்னிச்சிடு."

தங்கை பேப்பரை நிதானமாக மடித்தாள்.

"நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதேக்கா, அந்தக் கடைசிப் பாராவைத் தவிர உன் விமர்சனம் நல்லாத்தான் இருக்கு. உள்ளே வா. இந்தத் தடவையாவது டீ குடிக்கலாம்."