விளக்குக்காரிக்குப் பெட்டி அடிச்சாச்சு

முல்லைத்தீவுக் கடற்கரையோரம் கலிஸ்ராவின் தையல்கடைக்குச் சாறிச் சட்டை தைக்கப் போகிறவர்கள், அளவு கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிட முடியாது. நியூயோர்க் நகரத்துப் புரோட்வேயில் இந்தக் கிழமை எந்த நாடகம் ஓடுகிறது, எது படுத்துவிட்டது என்பதையும் கேட்டுவிட்டுத்தான் வரவேண்டும்.

"கையைத் தூக்குங்கோ ஜெயரூபியக்கா. இப்ப அங்க என்ன செய்யினம் தெரியுமோ? பேர்போன சினிமா நடிகன் ஒருத்தனைக் கொண்டந்து மேடையில நிப்பாட்டிப்போட்டு, ஒரு கதிரைக்கு ஒரு மோட்டச்சைக்கிள் விலை வாங்கினம். ஆள் போனவுடன நாடகமும் போயிடும். உது நாடகமே? ஆளைப் பாக்கிறதுக்கு வரிசை."

"நீ உதில எத்தினை நாடகம் பாத்தனீ?"

"ஒண்டும் பாக்கேல்ல."

"பாக்காமலே இவ்வளவு கதையோ?"

"சுவாமியாரும் மோட்சத்தைப் பாத்திட்டே பிரசங்கம் வைக்கிறார்? திரும்புங்கோ, முதுகளவு எடுக்க வேணும்."

புரோட்வேயில் ஒவ்வொரு நாடகத்துக்கும் கிழமைக்குக் கிழமை எவ்வளவு வசூல், எத்தனை கதிரை நிரம்பியது என்று கணக்கு வெளியிடுவார்கள். கலிஸ்ரா அதைப் படித்துவிட்டு, வாட்ஸப்பில் 'மேடைப் பைத்தியங்கள்' என்ற தன் குழுவுக்குக் குரல்பதிவு போடுவாள். கனடாவிலும் பாரிசிலும் இருக்கும் சொந்தக்காரர்களும், அவர்களின் கூட்டாளிகளும் அதற்காகக் காத்திருப்பார்கள். அவளிடம் மூன்று தீர்ப்புகள் உண்டு. நன்றாக ஓடுகிற நாடகத்துக்கு 'தலை தப்பும்.' தள்ளாடுகிறதற்கு 'இழுவை.' மூடப்போகிறதற்கு 'பெட்டி அடிச்சாச்சு.' பெட்டி என்றால் அந்தக் கரையில் சவப்பெட்டிதான். குழுவில் இருப்பவர்களுக்கு அந்தப் பகிடி பழகிப்போன ஒன்று.

தீர்ப்புச் சொல்லும்போது வாய் கத்தரிக்கோல் மாதிரி வெட்டினாலும், அவள் மனம் போவதெல்லாம் பெட்டி அடித்த நாடகங்களின் பின்னால்தான். கூட்டம் கூடாமல் நின்றுபோன நாடகங்களின் பாட்டுகளைத்தான் தையல் மெசினுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்பாள். "சனம் வரேல்ல எண்டதுக்காகப் பாட்டுக் கூடாமல் போயிடுமே?" என்று புருசன் கொலின்ஸிடம் சண்டைக்கு நிற்பாள். கொலின்ஸ் கடற்தொழில் செய்பவன். "எனக்கும் ஒவ்வொரு நாளும் மீன் படுறேல்லத்தானே. என்ர வலையைப் பற்றியும் ஒரு பாட்டுப் படி" என்பான்.

இந்தப் பைத்தியம் அவளுக்கு யூலியானாவால் பிடித்தது. யூலியானா, கலிஸ்ராவின் சின்னம்மா றோசம்மாவின் ஒரே மகள். நாட்டில் சண்டை முடிந்த கையோடு, தகப்பனில்லாத அந்தப் பிள்ளையைக் கனடாவிலிருந்த மாமி தன்னோடு எடுத்து வளர்த்தாள். அங்கே பாட்டும் நடிப்பும் படித்தவள், இப்போது புரோட்வே நாடகம் ஒன்றில் பாடி ஆடுகிற கூட்டத்தில் ஒருத்தி. கடலில் காணாமல்போன புருசனுக்காக ஒரு பெண் கலங்கரை விளக்கத்தை அணையவிடாமல் காப்பதுதான் கதை. அதன் ஆங்கிலப் பெயர் றோசம்மாவின் வாயில் நுழையவில்லை. கலிஸ்ரா அதற்கு 'விளக்குக்காரி' என்று பெயர் வைத்தாள். றோசம்மாவின் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு அந்தப் பெயர் பரவியதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்புத்தான் பிறகு பிழையாய்ப் போனது.

மகளை மேடையில் ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் றோசம்மாவின் ஒரே ஆசை. விசாவும் கிடைத்துவிட்டது. வவுனியாவுக்குப் போய்க் குளிருக்கு ஒரு நீளக் கோட்டும் வாங்கிவந்து, இந்த வெயிலிலும் கிழமைக்கொருதரம் போட்டுப் பார்ப்பாள். ஆனால் விமானச் சீட்டைக் கோயில் பெருநாள் முடிந்த பிறகுதான் போட்டிருந்தாள். மகள் கனடாவுக்குப் போன ஆண்டிலிருந்து, பெருநாளுக்கு மாதாவின் சுருவத்தைத் தூக்கிவரும் கூட்டைப் பூவால் சோடிப்பது அவளுடைய நேர்த்திக்கடன்.

கலிஸ்ரா படித்த கணக்கு வேறு கதை சொன்னது. கிழமைக்குக் கிழமை விளக்குக்காரியின் கதிரைகள் வெறுமையாகிக்கொண்டு வந்தன. விருதுக்கான பெயர்களை அறிவித்தபோது ஒன்றிலும் அந்த நாடகம் இல்லை. பெருநாள் வரைக்கும் அது தாங்காது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. யூலியானாவும் போனில், "அக்கா, அம்மாக்கு இப்ப சொல்லாதேங்கோ. சிலவேளை தப்பும்" என்று கெஞ்சியிருந்தாள். ஊரிலுள்ள நாடகத்துக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன கலிஸ்ரா, இதற்கு மட்டும் 'இழுவை, இழுவை' என்றே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அன்று காலை யூலியானாவின் செய்தி வந்தது. கடைசி நாளை அறிவித்துவிட்டார்களாம். கலிஸ்ரா மெசினை நிறுத்தினாள். பிறகு போனை எடுத்துக் குழுவுக்குப் பேசினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். சொல்ல மனம் வரேல்ல, எண்டாலும் சொல்லத்தான் வேணும். எங்கட யூலியானான்ர விளக்குக்கும் பெட்டி அடிச்சாச்சு. எவ்வளவோ இழுத்துப் பிடிச்சுப் பாத்தவை, ஏலாமல் போச்சு. சின்னம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஒருத்தரும் அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, நான்தான் பக்குவமாச் சொல்ல வேணும்."

அனுப்பிவிட்டு, ஜெயரூபியின் சட்டைக்குக் கை பொருத்தத் தொடங்கினாள்.

ஒரு கை பொருத்தி முடியவில்லை, கோயிலில் துக்கமணி அடித்தது. கலிஸ்ரா மெசினை நிறுத்திச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். ஆராய் இருக்கும்? வடக்குப் பக்கத்தில் ஒரு கிழவருக்குச் சுகமில்லாமல் கடுமை என்று கேள்விப்பட்டிருந்தாள். மனதுக்குள் அவருக்காக ஒரு 'அருள்நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருக்கும்போதே கொலின்ஸ் கரையிலிருந்து போன் எடுத்தான்.

"எடியே, எனக்கு முதல் சொல்லியிருக்கலாமே? எப்பிடி நடந்தது? நேற்றும் படம் போட்டிருந்தவளெல்லே!"

"ஆரப்பா?"

"யூலியானாவடி! நீதானே அன்பியக் குழுவில போட்டிருக்கிறாய்!"

கலிஸ்ரா போனைப் பார்த்தாள். மேடைப் பைத்தியங்கள் குழுவில் ஒன்றுமில்லை. முந்திய இரவு, அடுத்த செபக்கூட்டம் யார் வீட்டில் என்று, கோயிற்சனம் எல்லாரும் இருக்கிற அன்பியக் குழுவுக்குப் போட்டிருந்தாள். அதற்குக் கீழேதான் அவளுடைய குரல் போயிருந்தது. அதற்கும் கீழே கைகூப்பிய படங்கள் நிறைந்து கிடந்தன. 'நித்திய இளைப்பாற்றி' என்று செத்தவர்களுக்கான செபத்தை எழுதியவர்களின் பெயர்களை எண்ணவே முடியாது.

அளவுநாடா கழுத்தில் தொங்க, செருப்பும் போடாமல் ஓடினாள்.

றோசம்மாவின் வளவுக்குள் கால் வைக்க இடமில்லை. நாட்டாமை மாதிரி நின்று ஆட்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார், கோயில் மணியடிக்கிற அல்பேர்ட். கிராமச் சங்கத்துக் கதிரைகள் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. குசினிக்குள் யாரோ பெரிய கேத்திலில் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்திருந்தார்கள். நடுவில் நிலத்தில் றோசம்மா இருந்தாள். அழவில்லை. அந்த நீளக் கோட்டை மடியில் வைத்து, அதன் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"சின்னம்மா!" கலிஸ்ராவுக்கு மூச்சு வாங்கியது. "அவள் சாகேல்ல! நாடகம்தான் செத்தது!"

ஒருத்தரும் நம்பவில்லை. துக்கத்தில் இவளுக்கு அறிவு கலங்கிவிட்டது என்று ஒருத்தி மெல்லச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. கலிஸ்ரா யூலியானாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். மணி போனது. இன்னும் போனது. றோசம்மாவின் கை கடைசிப் பொத்தானில் நின்றது.

திரையில் ஒரு முகம் வந்தது. வேசத்துக்குப் பூசிய வெள்ளை மா பாதி அழிந்தும் அழியாமலும் இருந்தது.

"ஐயோ மாதாவே, வெளிறிப்போனாள் பிள்ளை!" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"அம்மா? ஏன் வீட்டில இவ்வளவு ஆக்கள்? ஏன் எல்லாரும் அழுறீங்கள்?" என்றாள் யூலியானா, கனடாத் தமிழில்.

றோசம்மா போனைப் பறித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மகளுக்குக் கோட்டின் இருட்டைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது. "அம்மா, முகத்தைக் காட்டுங்கோ! அம்மா!" என்று கோட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. வளவு முழுவதும் அழுது, பிறகு சிரித்து, திரும்பவும் அழுதது.

எல்லாம் கொஞ்சம் அடங்கியதும் றோசம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள். "அப்ப நாடகம் நிக்கப்போகுதோ பிள்ளை?"

யூலியானா தலையைக் குனிந்தாள். "ஓம் அம்மா. வாற மாதம் ரெண்டாம் ஞாயிறு கடைசி."

பெருநாளுக்கு முந்திய ஞாயிறு. றோசம்மா கலிஸ்ராவின் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"கொஞ்ச நாளா..." கலிஸ்ரா அளவுநாடாவை விரலில் சுற்றினாள். "நீங்கள் கோட்டைப் போட்டுப் போட்டுப் பாக்கேக்க எப்பிடிச் சின்னம்மா சொல்லுறது?"

"ஆற்றையோ நாடகத்துக்கெல்லாம் பெட்டி அடிப்பாய். என்ர பிள்ளையின்ர நாடகத்துக்கு மட்டும் உன்ர வாய் கட்டிப்போச்சே? நீ வேளைக்குச் சொல்லியிருந்தால் நான் ரிக்கெற்றை மாத்தியிருப்பனெல்லே!"

"கூடு சோடிக்கிற நேர்த்தி..."

"நேர்த்தி ஆருக்கு? அவளுக்குத்தானே!" என்றாள் றோசம்மா. சொன்ன பிறகு தானே திகைத்துப்போய், கோயில் இருந்த திசையைப் பார்த்தாள். மாதாவுக்குக் கொடுத்த வாக்கை அவள் இதுவரை ஒருதரமும் தவறவிட்டதில்லை.

அல்பேர்ட் தொண்டையைச் செருமினார். சற்று முன்வரை மரணவீட்டை நடத்திக்கொண்டிருந்தவர், இப்போது எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றார்.

"றோசம்மா, நீ போ. கூட்டை இந்தமுறை நான் சோடிக்கிறன்."

"உனக்குப் பூக்கட்டத் தெரியுமே?"

"தெரியாது. எண்டாலும் உயிரோட இருக்கிற பிள்ளைக்குத் துக்கமணி அடிச்சிட்டனெல்லே, மாதாவுக்கு முன்னால நானும் எப்பிடிப் போய் நிக்கிறது? பூக்கட்டப் பழகுறன்."

"நாங்களும் வாறம்" என்றாள் குசினி வாசலில் நின்ற ஜெயரூபி, கையில் தேத்தண்ணீர்த் தட்டோடு. "இவ்வளவு சனம் வந்திருக்கு, ஒரு கூடு சோடிக்க மாட்டமே? முதல் எல்லாரும் தேத்தண்ணி குடியுங்கோ. வைச்சதை என்ன செய்யிறது?"

கதிரைகளைத் திரும்ப ஏற்ற ஒருத்தரும் அவசரப்படவில்லை. அந்தக் கதிரைகளிலேயே இருந்து, றோசம்மாவின் பயணத்துக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று சண்டை பிடித்தார்கள். கருவாட்டை விமானத்தில் விடுவார்களா, மாட்டார்களா என்பதில் கொலின்ஸுக்கும் அல்பேர்ட்டுக்கும் பெரிய வாக்குவாதம் வந்தது. கலிஸ்ரா ஒரு மூலையில் இருந்து, யூலியானாவின் மாமியோடு பேசி, சீட்டை முன்னுக்கு மாற்றி எடுத்தாள்.

றோசம்மா புறப்பட்டுப் போனாள்.

அந்த ஞாயிறு கழிந்து, திங்கள் விடிந்தபோது கலிஸ்ராவின் போனில் ஒரு குரல்பதிவு வந்து கிடந்தது. அவள் மெசினுக்கு முன்னால் இருந்து அதைக் கேட்டாள். பின்னணியில் இரைச்சல், வாகனச் சத்தம், அதற்கு மேலாக றோசம்மாவின் உரத்த குரல்.

"கலிஸ்ரா, நான் சின்னம்மா கதைக்கிறன். பாத்திட்டன் பிள்ளை. எனக்கு ஒரு சொல் விளங்கேல்ல, ஆனால் எல்லாம் விளங்கினது. அந்த மனிசி விளக்கைக் கொளுத்திப்போட்டுக் கடலைப் பாத்து நிக்கிறதை இவை எனக்குச் சொல்லித் தரவே வேணும்? யூலியானா கடைசி வரிசையில நிண்டவள். எனக்கு அவளை மட்டும்தான் தெரிஞ்சுது. நீ பாதிக் கதிரை வெறுமை எண்டெல்லே சொன்னனீ? ஒரு கதிரை வெறுமையில்லை! வெளியில நிண்டும் சனம் ரிக்கெற் கேக்குது. பக்கத்தில இருந்த வெள்ளைக்காரி என்ர கையைப் பிடிச்சு அழுறா. இவ்வளவு நாளும் எங்க போனதுகள் எண்டு யூலியானாட்டைக் கேட்டன். முடியப்போகுதெண்டு கேள்விப்பட்டுத்தான் ஓடிவருகுதுகளாம். நான் சொன்னன், எங்கட ஊரிலயும் அப்பிடித்தான் பிள்ளை, உனக்கு மணி அடிச்ச அண்டு எங்கட வளவு கொள்ளேல்ல எண்டு."

பிறகு ஒரு சிரிப்பு. பக்கத்தில் யூலியானாவின் சிரிப்பும் கேட்டது. பதிவு முடிந்தது.

கலிஸ்ரா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அதை அனுப்புவதற்காக மேடைப் பைத்தியங்கள் குழுவைத் திறந்தாள். அனுப்பினாள். பிறகு கொஞ்சம் யோசித்து அன்பியக் குழுவையும் திறந்தாள். பெயரை இரண்டுதரம் வாசித்து, இந்தமுறை வேண்டுமென்றே அங்கேயும் போட்டாள்.

முதல் பதில் அல்பேர்ட்டிடமிருந்து வந்தது. பூக்கட்டிக் கட்டி விரலெல்லாம் நார் கிழித்த மனிதர், எழுதாமல் பேசியே அனுப்பியிருந்தார்.

"பிள்ளை, கேட்டனான். நல்ல சந்தோசம். இதுக்கு மணி அடிக்கிறதோ, விடுறதோ? வடிவாச் சொல்லு."