கொஞ்சம் ஆறட்டும்

அண்ணன் கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்ததுமே அவள் முகத்தைச் சுளித்தாள். அப்பா ஆசைப்பட்டது ஒரே ஒரு துண்டு ஸ்டேக், வெண்ணெயில் வாட்டிய மாட்டுக்கறி. மெத்தென்ற முதுகுக்கறியாகப் பார்த்து வாங்கிவரச் சொன்னால், நாய்க்கு ஒதுக்கி வைத்ததைப்போல நரம்போடிய தொடைக்கறியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"என்னண்ணா இது?"

"மாட்டுக்கறிதான். அவரு மெல்லவா போறாரு? வாயில வச்சுட்டுத் துப்பப் போறாரு. அதுக்கு எதுக்கு உசத்தி?"

பக்கத்து அறையில் அப்பா மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தார். அது காதில் விழுமே என்றுகூட அவனுக்கு வாய் கூசவில்லை. இவனுக்கும் சேர்த்துத்தான் அந்த மனிதர் காலமெல்லாம் ஓடாய்த் தேய்ந்து சோறு போட்டிருக்கிறார்.

ஓட்டலில் ஸ்டேக் வாட்டுவதுதான் அவள் பிழைப்பு. மலிவான கறியை வழிக்குக் கொண்டுவர அவளுக்குத் தெரியும். வெள்ளைச் சவ்வைச் சீவி எடுத்தாள். சுத்தியலால் தட்டி, உப்புத் தடவி வைத்தாள். அறையிலிருந்து சளியும் மூத்திரமும் கலந்த வாடை வந்தது. கையில் பச்சை ரத்தம் பிசுபிசுத்தது. எது எதன் நாற்றம் என்றே பிரிக்க முடியவில்லை.

இரும்புச் சட்டி புகைந்ததும் கறியைப் போட்டாள். வெண்ணெய் பொரிந்தது.

"வாசனையிலயே பாதி வயிறு ரொம்பிருச்சும்மா," என்று உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"மீதிப் பாதிக்கு இடம் வைங்கப்பா. இதோ ஆச்சு."

இரண்டு பக்கமும் சிவந்ததும் பலகையில் எடுத்து வைத்து, தட்டால் மூடினாள்.

"வெட்டிக் குடுக்க வேண்டியதுதானே?" என்றான் அண்ணன்.

"சுடச்சுட வெட்டினா சாறெல்லாம் ஓடி, சக்கையாயிரும். நீ வாங்கிட்டு வந்த கறிக்குக் கேக்கவே வேணாம். கொஞ்சம் ஆறட்டும்."

ஆறியது. இழைக்குக் குறுக்கே பொடிப்பொடியாக நறுக்கி, நாலு துண்டைத் தட்டில் எடுத்துக்கொண்டு போனாள். அப்பாவின் வாய் திறந்தே இருந்தது. மூச்சு இல்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு தாடையைத் தூக்கி மூடப் பார்த்தாள்; நிற்கவில்லை. ஆறட்டும் என்று சொன்ன தன் வாயில் மண்ணள்ளிப் போட வேண்டும் போலிருந்தது.

"அண்ணா, அப்பா போயிட்டாரு."

அவன் எட்டிப் பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டான். தட்டும் கையுமாக அவள் அடுப்படிக்குத் திரும்பியபோது அத்தையிடம் போனில் அழுதுகொண்டிருந்தான்.

"ஐயோ அத்தை, நம்மள விட்டுட்டுப் போயிட்டாரு அத்தை..."

கண்ணீர் நிஜமாகவே வழிந்தது. இன்னொரு கை பலகையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டது. மென்றான். போனைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.

"பரவால்லயே, மெத்துனு வந்திருக்கு."

மோவாயில் சாறு வழிந்தது. சீ என்று ஆகிவிட்டது அவளுக்கு. அப்படியே குப்பைக்கூடையில் கவிழ்த்துவிடத்தான் தட்டைத் தூக்கினாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வெண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. வாயில் ஊறிய எச்சிலை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள்.